கோட்டுக்கு உயிர் தந்த கோல்

வழி வகுத்தவர் பெயர் மறைந்துபோக, அவ்வழியே நடந்தவர் பெயர் நிலைத்து நிற்பது கலை வரலாற்றில் புதிதன்று. கார்ட்டூன் படம் என்றதும் அனைவர் நினைவிலும் எழுபவர் வால்ட் டிஸ்னி. அவருடைய மிக்கி எலி திரைக்கு வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, ஒலியில்லாப் படக் காலத்தில், கையால் வரைந்த கோடுகளைத் திரையில் நடமாடவிட்டவர் எமில் கோல் என்னும் பிரெஞ்சு ஓவியர்.

1857 சனவரி 4ஆம் நாள் பாரிசில் பிறந்த அவரது இயற்பெயர் எமில் கூர்த்தே. இளமையிலேயே தாயை இழந்தார். நகைத்தொழில் பயில அனுப்பப்பட்டும் அவர் உள்ளம் சித்திரத்திலேயே தோய்ந்தது. புகழ்பெற்ற கேலிச்சித்திர ஓவியர் ஆந்த்ரே ஜில்லின் மாணவரானார். மனநலம் குன்றி அந்த ஆசான் வாடியபோதும் மாணவர் அவரைக் கைவிட்டாரல்லர்.

பலர் ஓய்வை எண்ணத் தொடங்கும் 51ஆம் வயதில், 1908இல், கோமோன் படநிறுவனத்தில் சேர்ந்தார் கோல். அமெரிக்காவில் பிளாக்டன் 1906இலேயே சுண்ணக்கட்டிக் கோடுகளையும் வெட்டிய அட்டைகளையும் கொண்டு படம் எடுத்திருந்தார். கோலோ படம் முழுவதையும் சித்திரங்களாலேயே ஆக்க முனைந்தார். கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடியின்மேல் தாளை வைத்து வரைவார். அதன்மேல் மற்றொரு தாளை இட்டு, அடியில் தெரியும் கோட்டைச் சிறிதே மாற்றி மீண்டும் வரைவார். இவ்வாறு உருவானவை ஏறத்தாழ 700 சித்திரங்கள். ஒவ்வொன்றையும் இருமுறை படம்பிடித்தும், திரையில் அவை ஓடிய நேரம் இரண்டு நிமிடத்திற்கும் குறைவே! வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்ததை எதிர்ப்படமாக அச்சிட்டமையால், கரும்பலகையில் வெண்கோடுகள் விளையாடுவதுபோல் தோன்றின. 1908 ஆகஸ்ட் 17ஆம் நாள் பாரிசில் திரையிடப்பட்ட அப்படமே 'ஃபான்டாஸ்மகோரி'. அதில் புட்டி மலராகும்; மலரின் தண்டு யானையின் துதிக்கையாகும்; யானை வீடாகும். புகைப்படக் கருவியால் காட்ட இயலாத ஓர் உலகை வெறுங்கோடு படைத்துக் காட்டியது.

1912இல் எக்ளேர் நிறுவனத்தின் பணிக்காக அவர் அமெரிக்காவின் ஃபோர்ட் லீ நகர் சென்றார். ஜார்ஜ் மக்மானசின் பத்திரிகைச் சித்திரக்கதையைத் தொடர் படங்களாக்கினார். விளம்பரங்களில் ஒளிர்ந்ததோ மக்மானசின் பெயரே. 1914 மார்ச்சில் அங்கு நேர்ந்த தீவிபத்தில் அப்படங்களுள் பெரும்பாலானவை சாம்பலாயின.

தாயகம் திரும்பிய பின்னர் உலகப்போர் குறுக்கிட்டது. கார்ட்டூன் படம் பலர் கூடிச் செய்யும் பெருந்தொழிலாக வளர, தனியொருவராய் வரைந்த முதியவருக்கு இடமில்லாது போயிற்று. வறுமை சூழ்ந்தது. 1937 டிசம்பரில் டிஸ்னியின் முதல் முழுநீளச் சித்திரப்படம் அமெரிக்காவில் வெளிவந்து வெற்றிமுழக்கமிட்டது. அடுத்த மாதமே, 1938 சனவரி 20ஆம் நாள், மெழுகுவத்தியின் சுடர் தாடியில் பற்றியதால் ஏற்பட்ட தீப்புண்ணுக்குப்பின் நலிந்திருந்த கோல் காலமானார். மறுநாளே திரைத்தந்திரக் கலையின் முன்னோடி மெலியேயும் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! கோலின் படைப்புகளுள் பெரும்பகுதி இன்று இல்லை. எனினும் அந்த இரண்டு நிமிடப் படம் எஞ்சியிருக்கிறது. வளர்ந்த மரத்தின் நிழலில் அமர்வோர் விதைத்தவரையும் கேட்டறிதல் வேண்டும். கல்வி நமக்குத் தரும் பண்புகளுள் அதுவும் ஒன்றாகும்.