சந்திரகுப்த மௌரியனும் யானை ஐந்நூறும்

பரத கண்டத்தின் பெரும்பகுதியை முதன்முதல் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தவன் சந்திரகுப்த மௌரியன். அவன் நந்தரை வீழ்த்திக் கி. மு. 321 அளவில் மகத நாட்டு அரியணை ஏறியதை யாவரும் அறிவர். யவன மன்னனாகிய செலூக்கசோடு அவன் எல்லைப் போர் நிகழ்த்திப் பின் உடன்பட்ட செய்தியோ அத்துணைப் பேசப்படுவதில்லை. மௌரிய அரசு தோன்றி ஏறக்குறைய 16 ஆண்டுகளே கடந்திருந்த காலத்து நிகழ்ந்தது அப்போர். அதனை நம் அன்பர்கள் அறியுமாறு ஈண்டு வரைகின்றோம்.

அவன் பிறப்பைப் பற்றிப் பௌத்த நூல்கள் மோரியர் என்னும் க்ஷத்திரியர் வழியினன் என்றும், ரோம ஆசிரியனாகிய ஜஸ்டின் எளிய குடியினன் என்றும், முத்திராராக்ஷச நாடகம் விருஷலன் என்றும் பலபடக் கூறும். இவ்வழக்கைத் தீர்க்கப் புகின் நம் இதழின் பக்கங்கள் போதா, மேற்செல்வோம்.

சமணர் வழங்கும் கதை ஒன்றுண்டு. முதற்போரில் தோற்றுச் சாணக்கியனோடு அவன் மறைந்து திரிந்த நாளில், சுடுகூழின் நடுவே கையிட்டு விரல் வெந்து அழுத சிறுவனை ஒரு மூதாட்டி கடிந்துகொண்டாளாம்; ஓரத்திலிருந்து உண்ணாத அப்பேதைமை சாணக்கியன் பேதைமையை ஒக்கும் என்றாளாம். அதுகேட்ட இருவரும் எல்லைப்புறங்களை முதலிற் கைக்கொண்டு, பின்னரே தலைநகரை வளைத்தனர் என்ப. கதை மெய்யோ புனைவோ, எல்லையின் அருமையைச் சந்திரகுப்தன் நன்குணர்ந்தவன் என்பதற்கு அவன் செயலே சான்று. கி. மு. 323இல் அலெக்ஸாந்தர் பாபிலோனில் இறந்தபின், பஞ்சாபில் அவன் நிறுத்திய அதிகாரம் சில ஆண்டுகளுள் அழிந்தது. அந்நிலமும் மௌரியன் வசமாயிற்று.

இழந்த அந்நிலத்தை மீட்கவே செலூக்கஸ் கி. மு. 305 அளவில் சிந்து நதியைக் கடந்தான். அவன் அலெக்ஸாந்தரின் படைத்தலைவருள் ஒருவன்; கி. மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் போரஸ் மன்னனின் யானைப்படையை நேர்நின்று கண்டவன். கி. மு. 312இல் பாபிலோனைக் கைப்பற்றிப் பாரசீகமும் பாக்திரியாவும் தன்னடிப்படுத்தியவன். ஆயினும் மேற்கே, ஒற்றைக்கண் அந்திகோனஸ் என்னும் பெரும்பகைவன் அவன் முதுகுக்குப் பின்னே இருந்தான். இவ்வொன்றை நினைவிற் கொண்டாலன்றிப் பின்வரும் உடன்படிக்கை விளங்காது.

போர் எங்ஙனம் நடந்தது என்பதை விரித்துரைக்கும் பழைய நூல் இன்று இல்லை. முடிவு மட்டும் தெளிவு. கி. மு. 303 அளவில் காபூல், காந்தாரம், காந்தகார், பலூசிஸ்தானம் ஆகிய பகுதிகளில் பெருநிலம் மௌரியனுக்கு வந்தது. இரு குடியினர்க்கும் கொள்வினை கொடுப்பினை ஏற்பட்டது. மணப்பெண்ணுக்கு ஹெலன் என்று நாடகக்காரர் இட்ட பெயர் பழைய நூல்களில் யாண்டும் இல்லை. செலூக்கஸ் பெற்றவை 500 யானைகள்.

மலைக்கணவாய்களோடு கூடிய நாடுகளை 500 யானைகட்கு விட்டுக்கொடுத்தான் என்று செலூக்கசை எள்ளுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதோம். மகத வேந்தனிடம் 9,000 யானைகள் இருந்தன என்று பிளினி எழுதினான். அவ்வெண் மிகையாயினும், கானம் நிறைந்த கீழ்நாட்டினனுக்கு யானை அரிதன்று. செலூக்கசுக்கோ, இரு முனையிற் பொர இயலாத நெருக்கடியில், யானையினும் சிறந்த துணை வேறில்லை. தன்பால் மலிந்ததைக் கொடுத்துத் தனக்கு இன்றியமையாததைப் பெற்றான் சந்திரகுப்தன். அன்றியும், பகைவனை மானங்குலைத்து விடுத்திருப்பின், அவன் அந்திகோனசை வென்றபின் மீண்டும் சிந்துவை நோக்கித் திரும்பியிருத்தல் கூடும். அங்ஙனம் நிகழவில்லை. கி. மு. 301இல் இப்சஸ் களத்தில், அந்திகோனசின் மகன் தெமெத்ரியஸ் குதிரைப்படையோடு தந்தைபால் மீளாவண்ணம் யானைகள் இடைநின்று மறித்தன. கிழவன் அந்திகோனஸ் அக்களத்திலேயே பட்டான்.

பின்னர்ச் செலூக்கசின் தூதனாக மெகஸ்தனீஸ் பாடலிபுத்திரம் வந்தான். மரமதில் சூழ்ந்து, 64 வாயில்களும் 570 காவற்கோபுரங்களும் உடையதாய் அந்நகரை வருணித்தான். சந்திரகுப்தனோ கி. மு. 297 அளவில் முடிதுறந்தான். சமண முனிவர் பத்திரபாகுவோடு தெற்கே சென்று சிரவணபெளகொளவில் உண்ணாநோன்பால் உயிர்நீத்தான் என்று சமணர் கூறுவர். மகன் பிந்துசாரன் காலத்தும் யவனத் தூதர் வரவு நிற்கவில்லை. பேரன் அசோகன் யவனமொழியிலும் அரமேய மொழியிலும் பொறித்த அறவுரைக் கல்வெட்டு, செலூக்கஸ் விட்டுக்கொடுத்த அக்காந்தகாரிலேயே 1958இல் கண்டெடுக்கப்பட்டது.