கரமோஜோ பெல்

வால்டர் டால்ரிம்பிள் மெயிட்லண்ட் பெல் (செப்டம்பர் 8, 1880 – ஜூன் 30, 1954) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளரும் ஆவார். உகாண்டாவின் வடகிழக்கிலுள்ள கரமோஜா பகுதியில் பல ஆண்டுகள் யானை வேட்டையாடியமையால் கரமோஜோ பெல் என்று அழைக்கப்பட்டார். பெரிய விலங்குக்குப் பெரிய துப்பாக்கி என்பதே விதியாக இருந்த காலத்தில், மான் வேட்டைக்கு உரியதாகக் கருதப்பட்ட சிறுவிட்ட ரைபிளைக் கொண்டு யானைகளை வீழ்த்தியவர் இவர். வேட்டைத் துப்பாக்கியைத் தெரிவு செய்வது குறித்து இவர் எழுப்பிய வாதம் இன்றும் முடிவுக்கு வரவில்லை.

இளமை

எடின்பரோ அருகே வசதியான குடும்பத்தில் பிறந்த பெல், சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். மூத்த சகோதரர்களின் பொறுப்பில் வளர்ந்த இவர் எந்தப் பள்ளியிலும் நிலைக்கவில்லை. பதின்ம வயதிலேயே கடலுக்குச் சென்ற இவர், பின்னர் கிழக்கு ஆப்பிரிக்காவை அடைந்து, உகாண்டா இருப்புப்பாதை அமைத்த தொழிலாளர்களைச் சிங்கங்களிடமிருந்து காக்கும் பணியில் சேர்ந்தார். அப்போது இவரிடம் இருந்தது .303 விட்டமுடைய ஒற்றைத் தோட்டா ரைபிள். வெப்ப மண்டலத்தில் அதன் வெற்றுத் தோட்டா உறைகள் குழலுக்குள் சிக்கிக்கொண்டு வெளிவர மறுத்தன. சுட்ட பின் மறுமுறை சுட இயலாத துப்பாக்கியோடு சிங்கத்தின் முன் நிற்க நேர்ந்த இளைஞருக்கு, துப்பாக்கியின் ஆற்றலைவிட அதன் நம்பகத்தன்மையே முதன்மையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அடுத்து கனடாவின் குளோண்டைக் தங்க வேட்டைக்குச் சென்றார். அங்கு தங்கம் தேடியதைவிட, டாசன் நகரத்துக்கு வேட்டை இறைச்சி வழங்கியதே இவரது தொழிலாயிற்று. கூட்டாளியிடம் ஏமாந்த பெல், கனடியக் குதிரைப்படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்காவின் போயர் போருக்குச் சென்றார். அங்கே எதிரிகளிடம் சிறைப்பட்டுத் தப்பினார். 1902ஆம் ஆண்டு போர் முடிந்ததும் ஆப்பிரிக்காவிலேயே தங்கி, தந்தத்துக்காக யானை வேட்டையாடுவதைத் தொழிலாகக் கொண்டார்.

துப்பாக்கித் தெரிவு

அக்காலத்தில் யானை வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் இரட்டைக்குழல் ரைபிள்களையே நம்பினர். எடுத்துக்காட்டாக .577 விட்டத் துப்பாக்கியின் குண்டு 750 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 49 கிராம் எடையுள்ளது. மூளையில் படாவிட்டாலும் அதன் அதிர்ச்சியே யானையை நிலைகுலையச் செய்யும் என்பது அவர்களது கருத்து. பெல்லும் தொடக்கத்தில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். ஆனால் அதன் எடையும் பின்னுதைப்பும் இவருக்கு ஒவ்வவில்லை.

இவரது எண்ணம் எளிமையானது. குண்டு உரிய இடத்தில் பட்டால் சிறிய குண்டே போதும். படாவிட்டால் எவ்வளவு பெரிய குண்டாலும் பயனில்லை. இதை ஊகமாக விடாமல், இறந்த யானையின் மண்டையோட்டை நெடுக்காக அறுத்து மூளை இருக்கும் இடத்தையும் அதைச் சூழ்ந்த எலும்பின் அமைப்பையும் ஆராய்ந்தார். ஒவ்வொரு கோணத்திலிருந்தும் குண்டு செல்ல வேண்டிய பாதையை மனத்தில் பதித்துக்கொண்டார். யானையின் பின்புறமாகச் சாய்கோணத்தில் நின்று, கழுத்துத் தசைகளின் வழியாக மூளையை அடையும் கடினமான முறை ஒன்று இன்றும் வேட்டைக்காரர்களிடையே இவர் பெயராலேயே வழங்குகிறது.

பெல் பல ரைபிள்களைக் களத்திலேயே ஒப்பிட்டுப் பார்த்தார். 6.5 மி.மீ. மான்லிச்சர்-ஷோனவர் எடை குறைந்தது, கைக்கு இனியது. ஆனால் அதற்குக் கிடைத்த தோட்டாக்கள் தொல்லை கொடுத்தன. .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்சும் இவருக்குப் பிடித்ததே. அதிலும் சில தோட்டாக்கள் விசையை அழுத்திய பின் தாமதித்தே வெடித்தன. இறுதியில் இவர் பெரிதும் நம்பியது லண்டன் ரிக்பி நிறுவனத்தின் .275 ரைபிளை. இது மவுசர் இயக்கமுறையில் அமைந்த 7×57 மி.மீ. துப்பாக்கியே. ஜெர்மானியத் தயாரிப்புத் தோட்டாக்கள் இதில் பிழையின்றி வெடித்தன.

இதன் குண்டு 173 கிரெய்ன், ஏறக்குறைய 11 கிராம் மட்டுமே. ஆயினும் அது மெலிந்து நீண்டது, முழுதும் உலோக உறையிட்டது, முனை மழுங்கியது. குறுக்குப் பரப்புக்கு எடை மிகுந்திருந்ததால் எலும்பைத் துளைத்து, திசை மாறாமல் நேராகச் சென்றது. மேலும் மூளையில் அடிபட்ட யானை ஓசையின்றி நின்ற இடத்திலேயே சரியும். இதயத்தில் அடிபட்டதோ ஓடிச் சென்று மந்தை முழுவதையும் கலைத்துவிடும். பெருந்துப்பாக்கியின் முழக்கம் இல்லாதபோது எஞ்சிய யானைகளும் உடனே கலைவதில்லை. பெல்லின் தொழிலுக்கு இதுவே பெரிய ஆதாயமாயிற்று.

இவருடைய வெற்றிக்குத் துப்பாக்கியை மட்டும் காரணமாகக் கூறுவது பிழையாகும். நடைப்பயணத்தின்போது தோட்டா இடாமல் குறிபார்த்து விசையை அழுத்தும் பயிற்சியை இடைவிடாது மேற்கொண்டார். ஒரே ஆண்டில் 24 இணைக் காலணிகளை நடந்தே தேய்த்தவர் இவர். உயரமான புல்வெளியில், வீழ்ந்த யானையின் மேலேறி நின்றே அடுத்ததைக் குறிபார்த்தார். கரமோஜோங் மக்களுடன் நல்லுறவு கொண்டிருந்தார். யானைகள் இருக்கும் இடத்தைத் தெரிவிப்போருக்குப் பசுவைப் பரிசாக அளித்தார். அம்மக்களுள் ஒருவரான பியாலே என்ற தடம் அறிவோர் இவரது நெருங்கிய துணைவராக விளங்கினார்.

வேட்டைக் கணக்கு

பெல் மொத்தம் 1,011 யானைகளைச் சுட்டுக் கொன்றார். அவற்றுள் 28 தவிர ஏனையவை ஆண் யானைகள். ஏறத்தாழ 800 யானைகள் 7 மி.மீ. ரைபிளால் வீழ்ந்தவை. கரமோஜாவுக்குப் பின் லாடோ நிலப்பகுதி, எத்தியோப்பிய எல்லை, லைபீரியா, பிரெஞ்சு மற்றும் பெல்ஜியக் காங்கோ எனப் பல பகுதிகளிலும் வேட்டையாடினார். முதல் உலகப் போரில் வானோடியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றி இராணுவச் சிலுவைப் பதக்கம் பெற்றார்.

பிற்காலம்

போருக்குப் பின் மனைவி கேட்டியுடன் ஸ்காட்லாந்தின் கார்வ் அருகிலுள்ள கோரிமொய்லியில் குடியேறினார். ட்ரெஞ்ச்மர் என்ற பாய்மரக் கப்பலில் தம்பதியர் பந்தயங்களில் கலந்துகொண்டனர். பயண நூல்களை எழுதி, அவற்றுக்கான ஓவியங்களையும் தாமே வரைந்தார். யானை வேட்டை பற்றிய முதல் நூல் 1923இலும், கரமோஜோ சஃபாரி 1949இலும் வெளிவந்தன.

முதுமையிலும் துப்பாக்கி ஒப்பீடு இவரை விடவில்லை. மிகு வேகமும் மிகச் சிறிய குண்டும் கொண்ட .220 ஸ்விஃப்ட் ரைபிளால் செம்மான்களை வேட்டையாடி, அதனைப் பாராட்டி எழுதினார். ஸ்காட்லாந்தில் 1985ஆம் ஆண்டு வந்த ஆணை, செம்மானுக்குக் குறைந்தது 100 கிரெய்ன் குண்டு வேண்டும் என விதித்தது. 2023இல் இது 80 கிரெய்னாகக் குறைக்கப்பட்டது. பெல் விரும்பிய குண்டு இவ்விரு வரம்புகளுக்கும் கீழேயே நிற்கிறது.

மதிப்பீடு

சிறுவிட்ட ரைபிளைப் போற்றுவோர் இன்றும் பெல்லையே சான்றாகக் காட்டுகின்றனர். ஆனால் இவர் பெரும்பாலும் துப்பாக்கி ஓசைக்குப் பழகாத, அமைதியான மந்தைகளை நெருங்கி, காலம் எடுத்துக்கொண்டு சுட்டவர். காயமுற்றுப் புதரிலிருந்து பாய்ந்து வரும் விலங்கின் முன் அத்தகைய அவகாசம் எவருக்கும் கிடைப்பதில்லை. பெல்லின் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு அவரது உடற்கூற்று அறிவை விட்டுவிடுவோர் விலங்கைக் காயப்படுத்தி வதைக்கவும், தாமே உயிரிழக்கவும் நேரும். இக்காரணத்தால் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில், ஆபத்தான விலங்குகளை வேட்டையாட .375 அல்லது அதற்கு நிகரான குறைந்தபட்ச விட்டம் சட்டப்படி தேவையாகிறது.

மற்றொரு குறையையும் கூற வேண்டும். வலியின்றி, ஒரே குண்டில் கொல்லும் திறனே ஆயிரம் யானைகளை ஒருவர் கொல்லவும் வழி செய்தது. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. பன்னாட்டுத் தந்த வணிகத்துக்கு 1989இல் தடை முடிவானது.

பெல் 1954இல் கோரிமொய்லியில் காலமானார். இவரது கட்டுரைகளும் குறிப்புகளும் தொகுக்கப்பட்டு 1960இல் நூலாக வெளிவந்தன. இவரது .275 ரிக்பி ரைபிள்களுள் ஒன்றை அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ருவார்க் பின்னர் விலைக்கு வாங்கினார்.