4,113 கி.மீ. எத்தனை மணி நேரம்? அமெலியா இயர்ஹார்ட் போய்ச் சேராத ஓடுபாதை

லண்டனிலிருந்து நியூயார்க் போக சுமார் 8 மணி நேரம். திரும்பி வர 7 மணி நேரமே போதும். தூரம் ஒண்ணுதானே, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? காற்றுதான் காரணம். மேற்கே போகும்போது எதிர்காற்று, கிழக்கே வரும்போது பின்காற்று. நமக்கு அது ஒரு மணி நேரத் தூக்கம். அமெலியா இயர்ஹார்ட்டுக்கு உயிர்ப் பிரச்சினை.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 1897-ல் பிறந்தவர் அமெலியா. 1920-ல் 10 டாலர் கொடுத்து 10 நிமிடம் விமானத்தில் பறந்தார். அந்த 10 நிமிடத்திலேயே முடிவு செய்துட்டார், இனி இதுதான் வாழ்க்கை என்று. 1928-ல் அட்லாண்டிக்கை விமானத்தில் கடந்த முதல் பெண் ஆனார். ஆனால் ஓட்டியது வேறு ஒருவர். சும்மா மூட்டை மாதிரி உட்கார்ந்து வந்தோமே என்ற உறுத்தல் போகவில்லை. 1932 மே மாதம் தனி ஆளாகக் கிளம்பினார். இலக்கு பாரிஸ். காற்று, பனி, இயந்திரக் கோளாறு எல்லாம் சேர்ந்து, சுமார் 15 மணி நேரம் கழித்து வட அயர்லாந்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். அப்படியும் அது சாதனைதான்.

1937-ல் உலகைச் சுற்றப் புறப்பட்டார். கராச்சி, கல்கத்தா டம்டம், ரங்கூன், சிங்கப்பூர் எல்லாம் தாண்டி நியூ கினியாவின் லே வந்தாச்சு. அடுத்து பசிபிக் நடுவே ஹவுலாந்து தீவு. நீளம் இரண்டரை கி.மீ., அகலம் ஒரு கி.மீ.கூட இல்லை. அவருக்காகவே அங்கே ஓடுபாதை போட்டு வைத்திருந்தார்கள்.

தூரம் 4,113 கி.மீ. மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் போனா 17 மணி நேரம். எதிர்காற்று 40 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், நிகர வேகம் 200 ஆகிவிடும். பயணமோ 20 மணி நேரத்தைத் தாண்டிடும். பெட்ரோல் தூரத்தைப் பார்த்துச் செலவாகாது, என்ஜின் ஓடும் நேரத்தைப் பார்த்துத்தான் செலவாகும். சிக்கல் அங்கேதான்.

ஜூலை 2 காலை 10 மணிக்கு, வழிகாட்டி பிரெட் நூனனுடன் கிளம்பினார். நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு வருவதால், போய்ச் சேர்ந்திருந்தால் அங்கேயும் ஜூலை 2 காலையாகத்தான் இருந்திருக்கும்! தீவருகே காத்திருந்த இடாஸ்கா கப்பலுக்கு அவர் குரல் தெளிவாகவே கேட்டது. கப்பலிலிருந்து பேசியது அவருக்குக் கேட்கவில்லை. எரிபொருள் குறைகிறது, தீவு கண்ணில் படவில்லை என்றார். புறப்பட்டு 20 மணி 13 நிமிடத்தில் வந்த தகவல்தான் கப்பலில் பதிவான கடைசிக் குரல்.

விமானந்தாங்கிக் கப்பல் வரை அனுப்பித் தேடினார்கள். ஜூலை 19-ல் தேடல் நின்றது. 1939 ஜனவரியில் இறந்தவராக அறிவித்தார்கள். ஹவுலாந்தில் கட்டிய அடையாளக் கோபுரத்துக்கு அமெலியாவின் பெயரை வைத்தார்கள்.