எண்ணால் எழுதிய வளைவுகள்: மால்கம் சேயர்

தமிழில் வாய்பாடு என்பது ஒரே சொல், பொருளோ இரண்டு. பள்ளிப் பிள்ளை ஒப்பிக்கும் பெருக்கற் கணக்கும் வாய்பாடுதான். தேமா, புளிமா என்று யாப்புப் பயில்வோன் சீர் பிரிக்கக் கொள்வதும் வாய்பாடுதான். கணக்கும் கவிதையும் ஒரே அளவுகோலைப் பகிர்ந்துகொள்ளும் என்பதை நம் முன்னோர் ஒரு சொல்லிலேயே உணர்த்திவிட்டனர் எனலாம். அவ்வுண்மையைத் தமிழறியாத ஒரு பொறியாளர் இங்கிலாந்தின் ஒரு தொழிற்சாலையில் அமர்ந்து தம் வாழ்நாள் முழுதும் மெய்ப்பித்துக் காட்டினார். அவர் பெயர் மால்கம் சேயர். உலகின் மிக அழகிய கார்கள் எனப் பலராலும் போற்றப்படுவனவற்றுள் சிலவற்றின் உருவம் அவருடைய எண் அட்டவணைகளிலிருந்து பிறந்தது.

சேயர் 1916 மே 21 அன்று இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையில், நார்ஃபோக் வட்டாரத்தைச் சேர்ந்த குரோமர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். கணிதமும் ஓவியமும் கற்பித்தவர். இவ்விரண்டும் ஒரே வீட்டில், ஒரே மனிதரிடத்தில் குடியிருந்ததைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு அவை வேறு வேறு என்ற எண்ணமே தோன்றாமற் போனதில் வியப்பில்லை. கிரேட் யார்மத் ஊர்ப் பள்ளியில் பயின்றபின், உதவித்தொகை பெற்று லாஃப்பரோ கல்லூரியில் சேர்ந்தார். வானூர்திப் பொறியியலும் ஊர்திப் பொறியியலும் அங்கே அவருக்குப் பாடமாயின. இசையிலும் ஓவியத்திலும் அவருக்கு இருந்த ஈடுபாடு இறுதிவரை குன்றவில்லை.

கல்லூரியை விட்டு வெளிவந்தவர் பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் பணியில் அமர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலம் முழுவதும் அங்கேயே கழிந்தது. விமானத் தொழில் பிழை பொறுக்காத தொழில். காற்று எங்கே பிரிகிறது, எங்கே மீண்டும் கூடுகிறது, எங்கே சுழன்று இழுக்கிறது என்பதை அறியாமல் அங்கே ஒரு தகட்டையும் வளைக்க இயலாது. இந்தக் கல்வியே சேயரின் வாழ்க்கைக்கு மூலதனமாயிற்று.

போர் முடிந்தபின், 1948இல், பாக்தாதில் பொறியியல் கல்வித்துறை ஒன்றை அமைக்கும் பணிக்காக ஈராக் சென்றார். அப்பணி எதிர்பார்த்தவாறு அமையவில்லை. அரசின் ஊர்திகளைப் பராமரிக்கும் வேலையே வாய்த்தது. பாலைவனத்தில் ஒரு கூடாரத்தில் ஜெர்மானியப் பேராசிரியர் ஒருவரைச் சந்தித்தார் என்றும், வளைகோடுகளைக் கணிதத்தால் வரையறுக்கும் முறையை அவரிடமே கற்றார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ புனைவோ, தாயகம் திரும்பிய சேயரிடம் அப்படியொரு முறை இருந்தது என்பது மட்டும் உறுதி.

1951இல் கவென்ட்ரி நகரின் ஜாகுவார் நிறுவனத்தில் அவர் சேர்ந்தார். அதன் தலைவர் வில்லியம் லயன்ஸ் தாமே ஓர் அரிய வடிவக் கலைஞர். கணக்கை நாடாதவர், தகட்டில் முழு அளவு மாதிரி செய்வித்து, பகல் வெளிச்சத்தில் நிறுத்தி, சுற்றி வந்து பார்த்து, இங்கே சற்றுக் குறை, அங்கே சற்றுக் கூட்டு என்று கண்ணாலேயே திருத்துபவர். 1948இல் வெளிவந்து புகழ்பெற்ற எக்ஸ்கே 120 அவர் கண்ணின் படைப்பு. ஓசை நயத்தைச் செவியாலேயே அறிந்து பாடும் புலவரைப் போன்றவர் லயன்ஸ். சேயரோ இலக்கணம் முழுதும் கற்றுப் பாட வந்தவர். இருவரும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றினர் என்பதும், தலைமைப் பொறியாளர் வில்லியம் ஹெய்ன்ஸ் புதியவரின் முறைக்கு இடமளித்தார் என்பதும் அந்நிறுவனத்தின் நற்பேறு.

சேயரின் முறை இதுதான். காரின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளிலும் ஒவ்வொரு புள்ளியும் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர் நீள்வட்டச் சமன்பாடுகளைக் கொண்டு கணக்கிடுவார். கணிப்பொறி மேசைக்கு வராத காலம். கணக்கிடும் சட்டமும் மடக்கை அட்டவணையுமே துணை. பக்கம் பக்கமாக எண்கள் நிரம்பும். பின்னர் அப்புள்ளிகளை முழு அளவு வரைபடத்தில் குறித்து இணைத்தால், காரின் உடல் தாளில் எழுந்து நிற்கும். பிற்காலத்தில் கணிப்பொறி வழியாக உலகமெங்கும் செய்யப்பட்ட வேலையை அவர் கையாலேயே செய்து முடித்தார். சிறு மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார். முழு ஊர்தியின் மேல் கம்பளி நூல் துணுக்குகளை ஒட்டி ஓட்டச் செய்து, அவை படிந்து கிடக்கும் இடத்தையும் படபடக்கும் இடத்தையும் கொண்டு காற்றின் போக்கை அறிந்தார்.

முதல் ஆண்டிலேயே வெற்றி வந்தது. பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணிநேரப் பந்தயம் ஊர்தியுலகின் பெருந்தேர்வு. சேயர் உடலமைத்த சி-டைப் கார் 1951இல் அங்கே முதலிடம் பெற்றது. பீட்டர் வாக்கரும் பீட்டர் வைட்ஹெட்டும் அதனை ஓட்டினர். லெ மானில் ஜாகுவாருக்கு அதுவே முதல் வெற்றி.

மறு ஆண்டு பாடம் வந்தது. மெர்சிடிஸ் கார்களின் வேகம் குறித்த செய்தியால் கலங்கிய நிறுவனம், இன்னும் கூடுதல் வேகம் வேண்டி, சி-டைப்பின் முகப்பை அவசரமாக நீட்டித் தாழ்த்தியது. காற்றுத் தடை குறைந்தது. ஆனால் தாழ்ந்த முகப்புக்கு ஏற்பக் குளிர்நீர் அமைப்பை மாற்ற நேர்ந்ததில் எஞ்சின்கள் சூடேறின. 1952இல் லெ மானில் களமிறங்கிய மூன்று கார்களும் தொடக்க மணிகளிலேயே விலகின. காற்றுக்கு வெளியே வழிவிட்டால் மட்டும் போதாது, உள்ளே புகவும் வழி வேண்டும் என்பது அத்தோல்வி கற்பித்த பாடம். சோதனைக்குக் காலம் தராத புதுமை, அது எவ்வளவு நேரிய கணக்கில் பிறந்ததாயினும், களத்தில் நிற்பதில்லை. 1953இல் பழைய முகப்புடன், டிஸ்க் பிரேக்கின் புதுத் துணையுடன், டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் மீண்டும் வென்றனர். லெ மான் வரலாற்றில் வென்ற காரின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைக் கடந்தது அப்போதுதான்.

1954இல் டி-டைப் பிறந்தது. விமானக் கல்வியின் முழு விளைச்சல் அது. நடுவுடல் அலுமினியத் தகட்டால் ஆன ஒற்றைக் கூடு. சட்டமும் உடலும் வேறு வேறாக இல்லை. எரிபொருள், விமானத்தில் இருப்பதுபோல் நெகிழும் பைகளில் இருந்தது. எஞ்சின் எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்ததனால் எஞ்சினின் உயரம் குறைந்து, முகப்பும் தாழ்ந்தது. ஓட்டுநரின் தலைக்குப் பின்னே மீனின் முதுகுத் துடுப்பைப் போல ஒரு செதில் எழுந்து நின்றது. பார்ப்பவர் அதனை அலங்காரம் என்று கருதலாம். ஆனால் லெ மானில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளும் நேர்ச் சாலையில், மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், பக்கக் காற்று காரைத் தள்ளாமல் காத்தது அதுவே. செய்யுளில் அசையொன்றும் வீணாக நிற்பதில்லை. டி-டைப்பில் வளைவொன்றும் வீணாக நிற்கவில்லை. 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வெற்றி அதற்கே. 1957இல் முதல் நான்கு இடங்களும் ஆறாம் இடமும் டி-டைப் கார்களுக்குக் கிடைத்தன.

இம்மூன்று வெற்றிகளில் முதலாவதைக் கொண்டாடுவதற்கில்லை. 1955 ஜூன் 11 அன்று, பந்தயத்தின் மூன்றாம் மணியில், மைக் ஹாத்தார்ன் தம் டி-டைப்பை நிறுத்துமிடம் நோக்கித் திருப்பி வேகம் குறைத்தார். பின்னால் வந்த கார் ஒன்று விலகியது. அதன்மேல் பியர் லெவேயின் மெர்சிடிஸ் மோதித் தூக்கியெறியப்பட்டுப் பார்வையாளர் கூட்டத்தினுள் சிதறியது. லெவேயும் பார்வையாளர் 80க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். விசாரணை எந்த ஓட்டுநர்மீதும் குற்றம் சுமத்தவில்லை. பழங்கால வேகங்களுக்கென அமைந்த களம் புதிய வேகங்களைத் தாங்கவில்லை என்பதே முடிவாயிற்று. கார்களின் வேகத்தைக் கூட்டப் பல நாட்டு அறிஞர்கள் உழைத்தனர். வேலியோரம் நின்ற மக்களைக் காக்க அதே அளவு உழைப்புச் செலவாகவில்லை. சேயரின் கணக்குகளில் இடம்பெறாத ஓர் எண் அன்று தன்னைக் காட்டிக்கொண்டது. அவர் கலையை மதிப்பிடுவோர் இதனை மறைத்துவிட்டு மதிப்பிடுதல் நேர்மையாகாது.

பந்தயக் களத்திலிருந்து தெருவுக்கு வந்தது ஈ-டைப். 1961 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் அது அறிமுகமானபோது கண்டோர் வியந்தனர். நீண்ட முகப்பும், குறுகி ஒடுங்கும் பின்புறமும், நேர்கோடு எங்குமில்லாத உடலும் டி-டைப்பின் வழித்தோன்றல்கள். அதற்கிணையான வேகமுடைய பிற கார்களைவிட விலையும் பெரிதும் குறைவு. 1974 வரை 70,000க்கும் மேற்பட்ட ஈ-டைப் கார்கள் உருவாயின. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996இல் ஒன்றைத் தன் நிலைத்த தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. ஓவியங்களும் சிற்பங்களும் இருக்கும் கூடத்தில் மடக்கை அட்டவணையிலிருந்து பிறந்த ஒரு பொருள் இடம்பெற்றது.

இங்கே ஒன்று கருதத் தக்கது. தம்மை வடிவக் கலைஞர் என்று பிறர் அழைப்பதைச் சேயர் விரும்பவில்லை. காற்றியக்கவியல் அறிஞர் என்றே தம்மைக் கருதினார். அழகு செய்ய வந்தவன் என்ற பெயர் தம் உழைப்பைச் சிறுமைப்படுத்தும் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் அவருடைய எண்கள் ஓவியம் அறிந்த கையிலிருந்தும் இசை அறிந்த செவியிலிருந்தும் வந்தவை. காற்றுத் தடையைக் குறைக்கும் வளைவு ஒன்று மட்டும் அன்று; ஒரே பயனைத் தருவன பல உண்டு. அவற்றுள் எதைத் தேர்வது என்பதை அட்டவணை சொல்லாது. தளை தட்டாத வெண்பாக்கள் ஆயிரம் எழுதலாம். அவற்றுள் நிலைப்பது எது என்பதை யாப்பு முடிவு செய்வதில்லை. யாப்பின்றி அது பிறந்திருக்காது என்பதும் உண்மை.

அவருடைய காலத்திற்கு ஓர் எல்லையும் இருந்தது. காற்றைத் தடையாகக் கண்டு அதனைக் குறைப்பதே அத்தலைமுறையின் முதன்மைக் கவலை. அதே காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கலாம் என்னும் அறிவு 1960களின் பிற்பகுதியில்தான் பந்தயக் களங்களில் வேரூன்றியது. அதன்பின் பந்தயக் கார்கள் இறக்கைகள் முளைத்துக் கோணலாயின, வேகம் கூடியது, சேயரின் வழுவழுப்பான வடிவங்களின் காலம் முடிந்தது.

அக்காலத்தின் இறுதிப் பாடல் எக்ஸ்ஜே 13. லெ மானை மீண்டும் வெல்லும் நோக்கில், நடுவில் 12 உருளை எஞ்சின் தாங்கி, 1966இல் ஒன்றே ஒன்று செய்யப்பட்டது. அது ஒரு பந்தயத்திலும் கலந்துகொள்ளவில்லை. விதிகள் மாறின, நிறுவனத்தின் நாட்டமும் மாறியது. 1967இல் சோதனைத் தடத்தில் டேவிட் ஹாப்ஸ் அதனை மணிக்குச் சராசரி 260 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். பின்னர்க் கார் துணி போர்த்தி மூலையில் நின்றது. எழுதி முடித்து அரங்கேறாத காப்பியத்தின் நிலை என்ன என்பதை எழுதுவோர் அறிவர்.

1970 ஏப்ரல் 22 அன்று லெமிங்டன் ஸ்பா நகரில் சேயர் மாரடைப்பால் மறைந்தார். அப்போது அகவை 53. முதுமையின் ஓய்வும், பிற்காலத்தார் தரும் பாராட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. அடுத்த ஆண்டு சனவரியில் படப்பிடிப்புக்காக எக்ஸ்ஜே 13 மீண்டும் ஓடவிடப்பட்டது. சக்கரம் பழுதுற்று உருண்டு நொறுங்கியது. ஓட்டிய நார்மன் டீவிஸ் உயிர் தப்பினார். காரும் பின்னர் மறுபடி கட்டப்பட்டது. சேயர் தொடங்கி வைத்த எக்ஸ்ஜே-எஸ் 1975இல் பிறர் கை பட்டு வெளிவந்தது.

உயிரோடிருந்தபோது வாங்குவோருக்கு நிறுவனத்தின் பெயர் தெரிந்தது; ஓட்டுநர்களின் பெயர் தெரிந்தது; உருவம் தந்தவர் பெயர் தொழிற்சாலைச் சுவர்களைத் தாண்டி அதிகம் ஒலிக்கவில்லை. பின்னரே அவர் பெயரில் நினைவுப் பலகைகள் பதிக்கப்பட்டன. சங்கப் புலவர் சிலருக்கு அவர் பாடலில் வந்த தொடரே பெயராய் நின்றது போல, சேயரையும் அவர் வளைவுகளைக் கொண்டே உலகம் அடையாளம் காண்கிறது. ஒரு வளைவில் ஒரு புள்ளி இடம் பிறழ்ந்தாலும் மீண்டும் கணக்கிட அமர்ந்த அம்மனிதருக்கு, தம் பெயரைவிட அப்புள்ளி பெரிதாக இருந்தது.