நீர் ஏறும் உயரம்

மாணவர்களே, பெங்களூரின் கஸ்தூரிபா சாலையில் உள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன் பெயருக்கு உரியவர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

அவர் 1861ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் சிக்கபள்ளாப்பூரை அடுத்த முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பெங்களூருக்கு வந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஈட்டிய பொருளைக்கொண்டு மத்தியக் கல்லூரியில் பயின்று 1881இல் பட்டம் பெற்றார். பின்னர் மைசூர் அரசின் உதவித்தொகையால் புனேயில் பொறியியல் கற்றார். 1884இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளரானார்.

அவர் கட்டிய அணைகளையே பலரும் போற்றுவர். எனக்கோ, அவற்றிற்கு முன்பு அவர் சுக்கூரில் செய்த பணியே பெரிதாகத் தோன்றுகிறது. இன்று பாகிஸ்தானில் உள்ள அந்நகரம், சிந்து நதிக்கரையிலேயே இருந்தும் தெளிந்த நீரின்றித் தவித்தது. ஆற்றுநீரைக் குன்றின்மேல் ஏற்றித் தேக்கி, அங்கிருந்து ஊருக்குள் இறக்குவதே திட்டம். ஆனால் வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகராட்சியிடம் போதிய பணம் இல்லை. விசுவேசுவரய்யா ஆற்றையே வடிகட்டியாக்கினார். ஆற்றுப்படுகையில் கிணறு தோண்டச் செய்தார். மணலின் ஊடே கசிந்த நீர் தெளிந்து கிணற்றில் ஊறியது. அந்நீரைப் பம்பு குன்றின்மேல் ஏற்றியது. 1895இல் பணி நிறைவுற்றது.

இத்தகைய பணியில் பொறியாளர் முதலில் கேட்கும் வினா ஒன்றுண்டு: இந்தப் பம்பு நீரை எவ்வளவு உயரம் ஏற்றும்? அதனை ஏற்றுயரம் என்போம். பொறியாளர் 'ஹெட்' என்பர். கணக்குத் தவறினால், பம்பு சுழன்றுகொண்டே இருக்கும். மேலே ஒரு துளியும் வாராது.

உங்கள் குடியிருப்பில், தரையடித் தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்கு நீரேற்றுவது பெரும்பாலும் மையவிலக்குப் பம்பே. அதனுள் ஒரு சிறு சக்கரம் விரைந்து சுழன்று நீரை வெளிப்புறமாக வீசுகிறது. அச்சக்கரத்தின் விளிம்பு செல்லும் வேகத்தில் ஒரு கல்லை நேர்மேலே எறிந்தால், அது எவ்வளவு உயரம் எழும்? பம்பின் ஏற்றுயரமும் ஏறத்தாழ அவ்வளவே. விநாடிக்கு இத்தனை மீட்டர் என்னும் வேகத்தை அதே எண்ணால் பெருக்கி 20ஆல் வகுத்தால் போதும். 13 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் நிமிடத்திற்கு 2900 முறை சுழன்றால், விளிம்பின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர். 20 × 20 = 400; 400 ÷ 20 = 20 மீட்டர். இது தோராயக் கணக்கே. நீர் மிகுதியாகப் பாயும்போது ஏற்றுயரம் குறையும். குழாயின் உராய்வும் ஒரு பங்கை உண்ணும். ஆகவே 20 மீட்டர் உயர வீட்டிற்கு இப்பம்பு போதாது.

விசுவேசுவரய்யா 1909இல் மைசூரின் தலைமைப் பொறியாளரானார். 1911இல் கிருஷ்ணராஜசாகர் அணைப்பணி தொடங்கியது. 1912 முதல் 1918 வரை திவானாக விளங்கினார். 1955இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1962ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பெங்களூரில் மறைந்தார்.

அவர் மறைந்து 12 ஆண்டுகளுக்குப் பின், 1974இல், காவிரி நீர் முதன்முதலாக இந்நகரை எட்டியது. காவிரி பள்ளத்தில் ஓடுகிறது, பெங்களூரோ மேட்டுநிலம். ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவையும் 500 மீட்டர் உயரத்தையும் அந்நீர் கடக்க வேண்டும். ஒரே மூச்சில் அன்று, தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாத்தகுணி என மூன்று நிலையங்களில் படிப்படியாக அதனை ஏற்றுகின்றனர்.

பயிற்சி: சக்கரத்தின் வேகம் இருமடங்கானால் ஏற்றுயரம் எத்தனை மடங்காகும்? கணக்கிட்டு, காரணத்தைத் தமிழில் இரண்டு தொடர்களில் எழுதுக.