பார்த்தும் மறந்துபோன கொழுப்பு: மறதி நோய்க்குப் பெயர் தந்த டாக்டர் அல்சைமர் யார்?

அலாய்ஸ் அல்சைமர் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தது மூளையை அல்ல, காதுக் குறும்பி சுரக்கும் சுரப்பிகளை. 1864-ல் ஜெர்மனியின் பவேரியாவில், மார்க்ட்பிரைட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 1888-ல் பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருஷமே பிரான்ஸ் நிசில் அங்கே வந்தார். மூளைத் திசுவை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதில் நிசில் கில்லாடி. இருவரும் நண்பர்களானார்கள்.

1901 தொடக்கத்தில் அல்சைமரின் மனைவி இறந்தார். மூன்று குழந்தைகள். அதே வருஷம் நவம்பரில் அகஸ்டே டிட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கணவர் மருத்துவமனையில் சேர்த்தார். கணவர் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொன்னார். தன் பெயரை எழுதச் சொன்னால், திருமதி என்று எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் நின்றார். ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் அல்சைமர் குறித்துவைத்தார்.

பிறகு முனிச்சுக்கு வேலை மாறிப் போனாலும் அகஸ்டேயை அவர் விடவில்லை. 1906 ஏப்ரலில் அவர் இறந்ததும் மூளையை வரவழைத்து ஆராய்ந்தார். அந்த நவம்பரில் டியூபிங்கன் நகரில் டாக்டர்கள் கூட்டத்தில் விளக்கினார். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. 1910-ல் அவருடைய பாஸ் எமில் கிரெபெலின்தான் பாடப்புத்தகத்தில் அல்சைமர் நோய் என்று பெயர் போட்டார். 1912-ல் பிரெஸ்லாவுக்குப் பேராசிரியராகக் கிளம்பியவர் வழியிலேயே நோயில் விழுந்தார். முழுசாக மீளவே இல்லை. 1915 டிசம்பரில் இறந்தபோது அவருக்கும் வயது 51.

அவர் கண்டுபிடித்தது என்ன?

செல்களுக்கு வெளியே படிந்த கசடு, உள்ளே முறுக்கிய நூல் போன்ற சிக்கல். இந்த இரண்டையும் எல்லா மருத்துவ மாணவர்களும் படிக்கிறார்கள். ஆனால் 1907 கட்டுரையில் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்களுக்குள் கொழுப்புத் துளிகள். இதைப் பல காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1993-ல் நிலைமை மாறியது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழு, ஏபிஓஇ-4 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று காட்டியது. மூளைக்குள் இந்த மரபணு தரும் புரதத்தின் முக்கிய வேலை கொலஸ்ட்ராலைச் சுமந்து போவது. பழைய கொழுப்பு விஷயத்துக்கு மறுபடி மவுசு வந்தது அப்போதுதான்.

அப்படின்னா கொலஸ்ட்ரால் அங்கே என்ன செய்கிறது? உடல் எடையில் மூளை வெறும் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பின் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான். நரம்பைச் சுற்றிய உறையிலும் செல் சவ்விலும் அது இருக்கிறது. சவ்வு முழுக்க ஒரே மாதிரி இருக்காது. கொலஸ்ட்ரால் அடர்ந்த இடங்கள் திட்டுத்திட்டாக மிதக்கும். ஏபிபி என்ற புரதம் சவ்வில் ஊசி மாதிரி குத்தி நிற்கும். திட்டுக்கு வெளியே ஒரு வகை நொதி அதை வெட்டினால் ஆபத்தில்லை. திட்டுக்குள் வேறு இரண்டு நொதிகள் வெட்டினால் அமிலாய்டு பீட்டா வெளியே வரும். அல்சைமர் பார்த்த கசடு அதுதான். ஏபிபியே கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொள்கிறது என்பதும் 2012-ல் தெரிந்தது.

அப்போ முட்டையையும் நெய்யையும் விட்டுவிடலாமா? அவ்வளவு சிம்பிள் இல்லை. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் மூளைக்குள் நேரடியாக நுழையாது. தனக்கு வேண்டியதை மூளையே தயாரித்துக்கொள்கிறது. லேப் ரிப்போர்ட்டில் வரும் எண், மூளைச் சவ்வின் எண் அல்ல. நோய் வந்தபின் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகளிலும் மறதி குறையவில்லை. அதே சமயம் நடுவயதில் எல்டிஎல் அதிகமாக இருப்பதை 2024-ல் லான்செட் ஆணையம் மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் சேர்த்தது. ரத்தக் குழாய் கெட்டால் மூளையும் கெடும் என்பது ஒரு காரணம். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்த இது சாக்கு அல்ல.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக ஒரு தேசிய ஆய்வின் கணக்கு. ஆயுசு முழுக்க 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிய பெரியவர் ஒருவர், அடி அண்ணாமலை வந்ததும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றால், வயசாயிடுச்சு என்று சொல்லி வீட்டில் விட்டுவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். டாக்டரிடம் காட்ட வேண்டிய முதல் அறிகுறி அது.

அகஸ்டேயின் கோப்பு 1995-ல் பிராங்பர்ட்டில் மீண்டும் கிடைத்தது. மூளைத் துண்டுகள் பதித்த கண்ணாடித் தகடுகளும் தேடி எடுக்கப்பட்டு, மரபணுச் சோதனை நடந்தது. ஏபிஓஇ-4 அவரிடம் இல்லை. இருந்தது சாதாரண மூன்றாம் வகைதான்.