நீச்சல் வீரர் டியூக் கஹனமோக்கு

தேகபலம் இறைவன் தந்த வரம் என்பர் நம் முன்னோர். அவ்வரத்தைப் பெற்றவன் அதனை எதற்காகப் பயன்படுத்தினான் என்பதைக் கொண்டே உலகம் அவனை மதிப்பிடுகின்றது. கடலைத் தாவிய அனுமனை நாம் போற்றுவது, அவன் நெடுந்தூரம் தாவினான் என்பதற்காக மட்டுமன்று. பிறர் துயர் தீர்க்கத் தாவினான் என்பதற்காகவே. பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளிலே பிறந்து, ஒலிம்பிக் போட்டிகளில் மூன்று தங்கப்பதக்கங்களும் இரண்டு வெள்ளிப்பதக்கங்களும் வென்றவர் டியூக் கஹனமோக்கு. எனினும் அன்னாரது வாழ்நாளின் மிகச் சிறந்த நீச்சலை அளப்பதற்குக் கரையிலே நிறுத்தற் கடிகாரம் எதுவும் இருக்கவில்லை. அவ்வரலாற்றை நமது வாலிபர்கள் அறிந்திருத்தல் நன்று.

1890ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 24ஆந் திகதி ஹொனலூலு நகரில் டியூக் கஹனமோக்கு பிறந்தார். டியூக் என்பது ஆங்கிலேயர் கோமகனுக்கு வழங்கும் பட்டம். ஆனால் அன்னாருக்கு அது பட்டமன்று. பெற்றோர் இட்ட பெயரே. 1869இல் எடின்பரோக் கோமகன் ஹவாய்க்கு வருகை தந்ததன் நினைவாக அவருடைய தந்தையாருக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. தந்தையின் பெயரே மூத்த மகனுக்கும் வந்தது. தந்தையார் பொலிஸ் உத்தியோகத்தர். ஒன்பது பிள்ளைகளைக் கொண்ட அக்குடும்பத்தில் செல்வம் இருக்கவில்லை. எதிரே கடல் இருந்தது.

அக்காலத்தில் ஹவாய் மக்களுக்கெனத் தனி அரசு இருந்தது. கஹனமோக்கு மூன்று வயதை எட்டுமுன்பே, 1893இல், லிலியுவோகலானி அரசியார் அரியணையிலிருந்து நீக்கப்பட்டார். 1898இல் அத்தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. தம் சொந்த நாட்டிலேயே தம்மவர் அதிகாரம் இழந்து நின்ற காலத்தில் வளர்ந்தவர் கஹனமோக்கு என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். பிற்காலத்தில் அவருடைய வெற்றிகளை அத்தீவு மக்கள் தங்கள் வெற்றியாகவே கொண்டாடியதன் காரணம் இதுவே.

வைக்கீக்கிக் கடற்கரையே அவருடைய விளையாட்டுத்திடல். பாடசாலைப் படிப்பை இடையில் விட்டுக் குடும்பத்துக்கு உதவ வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. ஓய்வு கிடைத்த வேளையெல்லாம் கடலிலே கழிந்தது. நீண்ட மரப்பலகையின்மேல் நின்று அலையின் முதுகிலே கரைநோக்கி வருவது ஹவாய் மக்களின் பண்டைய விளையாட்டு. அதிலே அவர் இணையற்றவராய் விளங்கினார். தோழர் சிலருடன் சேர்ந்து அலைகளின் சங்கம் எனப் பொருள்படும் ஹுயி நாலு என்ற கழகத்தையும் அமைத்தார். பெருந்தனவந்தரின் ஆதரவில்லாத அந்த வாலிபர் கழகத்திலிருந்துதான் உலகை வென்ற வீரர் ஒருவர் தோன்றினார்.

அவருடைய நீச்சல் முறையைப் பற்றியும் ஒருவார்த்தை கூறவேண்டும். கைகளை மாறிமாறி முன்வீசி, முகத்தை நீரில் அமிழ்த்தி நீந்தும் முறை அப்பொழுது அவுஸ்திரேலிய வீரர்களாற் பரவிக்கொண்டிருந்தது. அவர்களிற் பலர் கைவீச்சு ஒன்றுக்குக் காலை ஒருமுறை மாத்திரமே அடிப்பர். கஹனமோக்குவோ முழங்காலை அதிகம் மடக்காது, இரு கால்களையும் மேலுங் கீழுமாக விரைந்து இடைவிடாது அடித்து நீந்துவார். அதனால் அவருடைய உடல் நீரின் மேலெழுந்து, தடையின்றி முன்சென்றது. இன்று நீச்சல் தடாகங்களிலே பிள்ளைகளுக்கு முதலிற் கற்பிக்கப்படும் கால்வீச்சு ஏறக்குறைய இதுவேயாம்.

1911ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 11ஆந் திகதி ஹொனலூலுத் துறைமுகத்தில் ஒரு நீச்சற் போட்டி நடைபெற்றது. அதில் 100 யார் தூரத்தை அவர் 55.4 செக்கனில் நீந்தினார். அது அக்காலத்து உலக சாதனையிலும் 4.6 செக்கன் குறைவு. செக்கனின் சிறு கூறுகளால் வெற்றி தோல்வி நிர்ணயிக்கப்படும் விளையாட்டில் இது நம்பமுடியாத வேறுபாடு. அமெரிக்க மெய்வல்லுநர் சங்கத்தாரும் நம்பவில்லை. துயிலெழுப்பும் மணிக்கூடுகளைக் கொண்டு நேரம் பார்த்திருப்பார்கள் என்றனர். பின்னர், கடல் நீரோட்டம் உதவியிருக்கும் என்றனர். சாதனை ஏற்கப்படவில்லை.

இளம் உள்ளத்தை இதைவிடப் புண்படுத்தும் நிகழ்ச்சி வேறு யாதுளது? உண்மையாக ஈட்டிய வெற்றியைப் பொய்யென்று தள்ளும்போது ஒருவன் சினங்கொள்வான். அல்லது மனமுடைந்து ஒதுங்குவான். கஹனமோக்கு இரண்டையுஞ் செய்யவில்லை. நம்பாதவர் கண்முன்னே மீண்டும் நீந்திக் காட்டுவதே தக்க விடை எனக் கொண்டார். ஹொனலூலு மக்கள் பணந்திரட்டி அவரை அமெரிக்கப் பெருநிலத்துக்கு அனுப்பி வைத்தனர். வெதுவெதுப்பான கடலிற் பழகிய உடலுக்கு அங்குள்ள தடாகங்களின் குளிர்நீர் ஒவ்வவில்லை. தசைப்பிடிப்பினால் அவர் துன்புற்றதும் உண்டு. எனினும் பயிற்சியைக் கைவிடாது, தேர்வுப் போட்டிகளில் வென்று, ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்றார்.

1912இல் சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியிலே ஒரு விபரீதம் நேர்ந்தது. நேரம்பற்றிய தவறான விளக்கத்தினால் கஹனமோக்குவும் அமெரிக்கத் தோழர் இருவரும் 100 மீற்றர் அரையிறுதிப் போட்டிக்குச் சமுகமளிக்கவில்லை. விதிப்படி அவர்கள் விலக்கப்பட வேண்டியவர்களே. அப்பொழுது அவர்களுக்காகப் பரிந்து பேசியவர்கள் எதிரணியினராகிய அவுஸ்திரேலியர். அவர்களுள் முன்னின்றவர் செசில் ஹீலி. கஹனமோக்கு இல்லாவிடில் தங்கப்பதக்கம் பெரும்பாலும் ஹீலிக்கே கிடைத்திருக்கும். ஆயினும் சிறந்த வீரரை விலக்கிவைத்துப் பெறும் வெற்றியை அவர் விரும்பவில்லை. தவறியவர்களுக்கெனத் தனிப்போட்டி ஒன்று நடத்தப்பட்டது. அதில் வென்று இறுதிப் போட்டிக்கு வந்த கஹனமோக்கு 63.4 செக்கனில் தங்கப்பதக்கத்தைப் பெற்றார். ஹீலி இரண்டாவதாக வந்தார். நால்வர் நீந்தும் அஞ்சற் போட்டியில் அவுஸ்திரலேசிய அணி முதலிடம் பெற, கஹனமோக்குவின் அணிக்கு வெள்ளி கிடைத்தது. அப்பெருந்தகை ஹீலி 1918இல் முதலாவது உலகப் போரில் பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் உயிர்நீத்தார். கஹனமோக்குவின் வரலாற்றைக் கூறும்போது ஹீலியின் பெயரையுங் கூறாது விடுதல் முறையன்று.

அவுஸ்திரேலியருடன் ஏற்பட்ட இந்த நட்பு வளர்ந்தது. 1914ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அழைப்பின்பேரில் அந்நாட்டுக்குச் சென்றார். சிட்னியில் 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 100 யார் தூரத்தை 53.8 செக்கனில் நீந்திப் புதிய உலக சாதனை படைத்தார். முன்பு நம்பமறுத்த 55.4 செக்கனையும் விஞ்சிய நேரம் இது. சிட்னியை அடுத்த பிரெஷ்வோட்டர்க் கடற்கரையிலே, தாமே மரத்தைச் செதுக்கி ஆக்கிய பலகையின்மேல் நின்று அலைமேற் சவாரி செய்து காட்டினார். கரையிற் கூடிய மக்கள் வியந்தனர். அந்நாட்டில் அவ்விளையாட்டு வேரூன்ற அவருடைய வருகை பெரிதும் உதவியது. அப்பலகை அங்கே இன்றும் பேணப்பட்டு வருகின்றது.

1916இல் பேர்லினில் நடக்கவிருந்த ஒலிம்பிக் போட்டி உலகப் போரினாற் கைவிடப்பட்டது. வீரரின் வலிமை உச்சத்திலிருந்த ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. ஆனாற் கஹனமோக்கு தளரவில்லை. எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1920இல் பெல்ஜியம் நாட்டின் அன்ற்வேர்ப் நகரில் மீண்டும் களமிறங்கினார். இறுதிப்போட்டி நடந்த நாள் அவருடைய முப்பதாவது பிறந்தநாள். 60.4 செக்கனில் உலக சாதனையுடன் முதலிடம் பெற்றார். அவுஸ்திரேலிய வீரரொருவர் தமக்கு இடையூறு நேர்ந்ததென முறையிட்டமையால், சில நாட்களின் பின் போட்டியை மீண்டும் நடத்தினர். கஹனமோக்கு மீண்டும் நீந்தினார், மீண்டும் வென்றார். அஞ்சற் போட்டியிலும் இம்முறை தங்கம் கிடைத்தது.

எத்தகைய வீரருக்கும் ஒருநாள் இளையவர் வழியில் எதிர்ப்படுவர். 1924இல் பாரிஸ் நகரிலே, ஏறத்தாழ 34 வயதினரான கஹனமோக்குவை, 20 வயது வாலிபரான ஜொனி வைஸ்முல்லர் வென்றார். பின்னாளில் திரைப்படங்களில் டார்சான் வேடந்தாங்கிப் புகழ்பெற்றவர் இவரே. வைஸ்முல்லர் 59 செக்கனில் முதலாவதாகவும், கஹனமோக்கு 61.4 செக்கனில் இரண்டாவதாகவும் வந்தனர். மூன்றாவதாக வந்தவர் கஹனமோக்குவின் தம்பி சாமுவேல். தோல்வியை அன்னார் முகமலர்ச்சியுடன் ஏற்றார். வைஸ்முல்லரோடு அவர் கொண்டிருந்த நட்பு ஒருபோதும் குன்றவில்லை.

புகழ் இருந்தும் பொருள் இருக்கவில்லை. விளையாட்டினாற் பணம் ஈட்டுவோர் போட்டிகளிற் பங்குபற்றலாகாது என்பது அக்காலத்து விதி. அமெரிக்கப் பெருநிலத்தில் நிறம் காரணமாக உணவுச்சாலைகளில் உபசரிக்க மறுக்கப்பட்ட அனுபவமும் அவருக்கு உண்டு. ஹொலிவூட் படங்களிலே அவருக்குக் கிடைத்தவை சிறு வேடங்களே. உலகின் அதிவேக நீச்சல் வீரராய் விளங்கியவரை, தீவுவாசியாகவும் பழங்குடித் தலைவராகவும் ஓரத்தில் நிறுத்திவிட்டு, கதாநாயகப் பாத்திரங்களைப் பிறருக்கு அளித்தனர்.

அக்காலத்திலேதான், தொடக்கத்திற் குறிப்பிட்ட நிகழ்ச்சி நடந்தது. 1925ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆந் திகதி காலை. கலிபோர்னியாவின் நியூபோர்ட் துறைமுக வாயிலருகே கஹனமோக்குவும் நண்பர்களும் அலைச்சவாரிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தனர். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. 29 பேரை ஏற்றிய தெல்மா என்னும் மீன்பிடிப் படகு பேரலையில் அகப்பட்டுக் கவிழ்ந்தது. கஹனமோக்கு கணமும் தாமதியாது தமது பலகையை எடுத்துக்கொண்டு கடலிற் பாய்ந்தார். தத்தளித்தவர்களைப் பலகையிலே பற்றச்செய்து கரைசேர்த்தார், திரும்பிச் சென்றார், மீண்டுங் கொணர்ந்தார், மூன்றாம் முறையுஞ் சென்றார். 17 பேர் மாண்டனர். 12 பேர் பிழைத்தனர். அப்பன்னிருவருள் எட்டுப் பேரைக் காத்தவர் அவர் ஒருவரே. எஞ்சிய நால்வரை அவருடைய தோழர்கள் காத்தனர்.

அங்கே பந்தயக் கோடு இல்லை, நடுவர் இல்லை, பதக்கமும் இல்லை. வைக்கீக்கியில் விளையாட்டாகக் கற்ற கலை, எட்டுக் குடும்பங்களுக்கு உயிர்ப்பிச்சை அளித்தது. அதன் பின்னர்க் கடற்கரைக் காவலர்கள் இத்தகைய பலகைகளை உயிர்காக்கும் சாதனமாகக் கைக்கொள்ளலாயினர். ஆதலால் அன்று அவர் காத்தவர்கள் எட்டுப் பேர் மாத்திரமல்லர்.

பின்னர் அவர் ஹொனலூலு திரும்பி, பெற்றோல் நிலையம் நடத்திச் சீவித்தார். உலகச் சம்பியனாய் விளங்கியவர் வாகனங்களுக்கு எண்ணெய் வார்ப்பதை இழிவென எண்ணவில்லை. 1930களின் நடுப்பகுதியில் ஹொனலூலு ஷெரிப் பதவிக்கு மக்கள் அவரைத் தெரிவுசெய்தனர். தொடர்ந்து 13 தவணைகள் அப்பதவியை வகித்தார். 1940இல் நடீன் அலெக்சாந்தர் என்ற நடன ஆசிரியையை மணந்தார். ஹவாய்க்கு வரும் விருந்தினரை வரவேற்கும் பொறுப்பும் பிற்காலத்தில் அவருக்கு அளிக்கப்பட்டது. 1965இல் சர்வதேச நீச்சல் புகழ்மண்டபத்தில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு சனவரி மாதம் 22ஆந் திகதி, 77 வயதில், மாரடைப்பினாற் காலமானார். வைக்கீக்கிக் கடலிலே அவருடைய அஸ்தி கரைக்கப்பட்டது. 1990இல் அக்கரையில் நிறுவப்பட்ட அவரது வெண்கலச் சிலைக்கு மக்கள் மலர்மாலை சூட்டி வருகின்றனர்.

வாலிபர்களே! நாமும் தீவில் வாழ்பவர்கள். நம்மைச் சுற்றியுங் கடல் உண்டு. ஊர்தோறும் குளங்களும் கேணிகளும் உண்டு. நீந்தத் தெரியாமையால் இளம் உயிர்கள் நீருக்குப் பலியாகும் செய்தியைக் கேட்டு நாமும் வருந்துகின்றோம். எல்லோரும் ஒலிம்பிக் வீரராதல் இயலாது. ஆனால் நம்மிற் பெரும்பாலோர் நீந்தக் கற்கலாம். தத்தளிப்பவரைக் கரைசேர்க்கும் முறையையும் கற்கலாம். நமது சங்கங்கள் பூசைக்கும் சொற்பொழிவுக்கும் ஒழுங்கு செய்வதுபோல, அனுபவமுள்ள பெரியோரின் மேற்பார்வையில் இப்பயிற்சிக்கும் ஒழுங்கு செய்யலாகாதா? கஹனமோக்கு போட்டிகளில் நிறுத்திய சாதனைகள் அனைத்தும் பிறராற் கடக்கப்பட்டுவிட்டன. 1925இல் அக்கரையில் அவர் செய்ததை நம்மில் ஒருவரும் ஒருநாள் செய்யவேண்டி நேரலாம். அந்நாளுக்கு நம்மை ஆயத்தப்படுத்திக்கொள்வோமாக.